விரதம் இருந்து வரவும்

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருக்கும் கிளினிக்கிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அங்கே மொழிபெயர்க்கும் வேலையை இப்போது கணினியே பார்த்துக்கொள்கிறதாம். 'வரும் சனிக்கிழமை காலை தங்களுக்கு ரத்தப் பரிசோதனை. தயவுசெய்து விரதம் இருந்து வரவும்' என்று சுத்தமான தமிழில் இருந்தது. படித்ததும் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி சரசு கரண்டியும் கையுமாக வந்து, வேலையோடு சேர்த்து மூளைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். கைப்பேசியை நீட்டினேன். கதை அவளுக்கும் தெரியும். கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்து சிரித்தாள்.

இருபது வருடத்துக்கு முன் அந்த ஒரு சொல்லால் என் வேலை போகப் பார்த்தது. ஒரு அம்மாவின் உயிரும் போகப் பார்த்தது. இரண்டும் தப்பியதால்தான் இன்றைக்கு உட்கார்ந்து சிரிக்கிறேன்.

கிளினிக் உதவியாளன் ஆவதற்குப் படிக்கப் போனபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தேன். தொழிற்சாலை ஒரு நாள் வேறு நாட்டுக்குக் குடிபோனது. போகும்போது இயந்திரங்களை எடுத்துக்கொண்டது, எங்களை விட்டுவிட்டது. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். வீட்டில் இருக்கும் ஆம்பளை லிஃப்டில் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அந்தக் கொடுமைக்குப் பயந்துதான், யாரோ தந்த துண்டுத்தாளைப் பார்த்து மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் இருபத்திரண்டு பெண்கள், நான் ஒருவன். ரத்த அழுத்தம் பார்க்கப் பழகும்போது ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டும். என்னோடு ஜோடி சேர யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஆசிரியையே பரிதாபப்பட்டுக் கையை நீட்டினார். வீட்டுக்கு வந்து சரசுவின் கையில் பட்டையைக் கட்டினேன். என்னைப் பார்த்தாலே அவளுக்கு அழுத்தம் ஏறியது. பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு புளோக்குக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். ஒரே வாரத்தில் அங்கே வரிசை நின்றது. ஒரு சீனப் பாட்டி எனக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து, என்னை டாக்டர் என்று கூப்பிட்டார். நானும் மறுக்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கிடைத்த மரியாதையை எவன் திருப்பிக் கொடுப்பான்?

படிப்பு முடிந்ததும் மூன்று மாதம் ஒரு கிளினிக்கில் வேலை பழக வேண்டும். தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் எனக்கு இடம் கிடைத்தது. கையில் ஒரு பயிற்சித் தாள் கொடுத்தார்கள். அதில் இருபது கட்டங்கள்: பெயர் பதிவது, எடை பார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் மேலாள் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். இருபதும் நிரம்பினால் சான்றிதழ் உண்டு, அதே கிளினிக்கில் வேலையும் உண்டு. ஒன்று காலியாக இருந்தாலும் மறுபடி லிஃப்டில் விளக்கம் சொல்ல வேண்டியதுதான்.

என் மேலாள் நூர்ஜஹான். என்னைவிடப் பத்து வயது இளையவர். குடும்பம் பாட்டனார் காலத்தில் நாகூர்ப் பக்கமிருந்து வந்தது. நூர்ஜஹான் யாரையும் நோயாளிகள் முன்னால் திட்டி நான் பார்த்ததில்லை. குரல்கூட உயராது. எல்லாமே அவர் என்னைக் கூப்பிடும் விதத்தில் இருக்கும். குட்டையாக 'அண்ணே' என்றால் எல்லாம் சரி. 'அண்ணேஏ' என்று இழுத்தால் எங்கேயோ ஏதோ கோணல். 'மிஸ்டர் தியாகராஜன்' என்றால் தலை போய்விட்டது, இனி முண்டம்தான் வேலை செய்ய வேண்டும்.

இரண்டாவது நாளே அந்தப் பெயரைக் கேட்டேன். கணினித் திரையில் ரவி, சன் ஆஃப் முத்தையா என்று இருந்தது. மரியாதையாக இருக்கட்டுமே என்று கடைசிப் பெயரைப் பிடித்து, "மிஸ்டர் முத்தையா, உள்ள வாங்க" என்று உரக்கக் கூப்பிட்டேன். ஒருவர் மெதுவாக எழுந்து, "அவரு போயி பதினொரு வருஷமாச்சு. நான் மகன். நான் வந்தா பரவால்லையா?" என்று கேட்டார்.

ஆனால் மற்ற வேலைகளில் நான் மோசமில்லை. ஸ்டோர்க்காரன் அல்லவா, மருந்து அறை எனக்குத் தாய்வீடாகப் போனது. நூர்ஜஹானின் முறை கறாரானது. மருந்தின் பெயரை மூன்று தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும்: இழுப்பறையிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, பையில் போடும்போது ஒரு தடவை, நோயாளி கையில் கொடுக்கும்போது ஒரு தடவை. மூன்றாவது தடவை படிக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பையைப் பார்த்துக்கொண்டு படித்தால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். இப்படியாகப் பதினொன்றாவது வாரத்துக்குள் பத்தொன்பது கட்டங்கள் நிரம்பிவிட்டன.

மிச்சமிருந்தது ஒன்றுதான்: 'நோயாளிக்குத் தகவல் சொல்லுதல்'. அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பேசுவதற்குமா பரீட்சை? எனக்குப் பேச வராது என்று என் விரோதிகூடச் சொன்னதில்லை.

அந்த வியாழக்கிழமை நூர்ஜஹான் எட்டுப் பேர் பெயர் எழுதிய தாளைக் கொடுத்தார். எல்லாருக்கும் சனிக்கிழமை காலை சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், ஃபாஸ்டிங்கில் வரச் சொல்லுங்கள், எல்லாரும் வயதானவர்கள், தமிழில் சொல்லுங்கள் என்றார். ஃபாஸ்டிங்குக்குத் தமிழ் தெரியாதா எனக்கு? பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கியவன் நான். விரதம். எவ்வளவு அழகான சொல். எட்டாவது பெயர் ஜைத்தூன் பீவி என்று இருந்தது. அவருக்கு மட்டும் கவனமாக, இங்கிதமாக, நோன்பு என்று சொன்னேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அது புரட்டாசி மாதம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முதலில் பேசிய பெரியவர், "தம்பி, புரட்டாசி சனி நான் எப்பவும் விரதம்தான். நீங்க சொல்லவே வேணாம்" என்றார். எவ்வளவு ஒத்துழைப்பான நோயாளி என்று மகிழ்ந்துபோனேன். எல்லாருக்கும் புரிந்ததா என்று நூர்ஜஹான் கேட்டதற்கு, சூப்பராகப் புரிந்தது என்றேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கதவைத் திறந்ததும் கிளினிக்கில் கற்பூரமும் துளசியும் மணத்தன. ஏழு பேரும் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார்கள். முதல் ஆளிடம் நூர்ஜஹான், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். "சாப்பிடலையேம்மா, விரதம். கோயில்ல கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல், அவ்வளவுதான்" என்றார் அவர். இரண்டாவது ஆள் பாலும் பழமும். மூன்றாவது அம்மா மார்பில் கைவைத்து, சோற்றைத் தொடவே இல்லை, நாலே நாலு இட்லிதான் என்றார். ஏழாவதாக வந்தவர் எங்களுக்கும் ஒரு டப்பாவில் பிரசாதம் கொண்டுவந்திருந்தார். அதில் முந்திரி வேறு மிதந்தது.

"மிஸ்டர் தியாகராஜன்" என்றார் நூர்ஜஹான்.

அவர்களைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. பெருமாள் பிரசாதம் சுகரை ஏற்றாது என்று ஒருவர் வாதாடினார். டாக்டரைக் கூப்பிடு, நான் பேசிக்கொள்கிறேன் என்றார். இதற்கு நடுவே காய்ச்சலும் இருமலுமாக மற்றவர்கள் வந்து குவிந்தார்கள். தொலைபேசி வேறு அடித்துக்கொண்டே இருந்தது. நான் எட்டு நோயாளி அட்டைகளையும் ஒரே கட்டாகக் கட்டி, 'மறு தேதி' என்று எழுதி ஓரமாக வைத்தேன். ஏழு அட்டைகள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏறக்குறைய பதினொன்றரை இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனவன் மூலை நாற்காலியைப் பார்த்தேன். ஜைத்தூன் அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது, ஒற்றைநாடி உடம்பு. காலை எட்டரையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பையின் வாரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். குளிர்சாதனம் அவர் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை நின்றது. அருகே போனதும் என்னைப் பார்த்து, "வந்துட்டியா காதரு, வீட்டுக்குப் போவோமா" என்றார். காதர் யாரென்று எனக்குத் தெரியாது.

நூர்ஜஹானைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வரவில்லை, ஆனால் எப்படி வந்தார் என்றும் தெரியவில்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சின்னக் கருவியில் வைத்தார். இரண்டு புள்ளி ஆறு என்று காட்டியது. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று வகுப்பில் படித்திருந்தேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நூர்ஜஹான் கேட்க, பதில் துண்டு துண்டாக வந்தது. விடிவதற்கு முன் சஹருக்கு ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தேத்தண்ணி, வழக்கமான சர்க்கரை மாத்திரை இரண்டு. அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட இல்லை. நோன்பு என்று நான்தானே சொன்னேன். சும்மா பட்டினி கிடப்பதை நோன்பாகவே வைத்தால் நன்மையாவது சேருமே என்று அவர் நினைத்திருக்கிறார்.

நூர்ஜஹான் வெதுவெதுப்பான நீரில் மூன்று கரண்டி சீனியைக் கலக்கி வாயருகே கொண்டுபோனார். ஜைத்தூன் அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டார். அறையிலிருந்து டாக்டரும் வந்துவிட்டார். இன்னும் சில நிமிடம் பார்க்கலாம், நினைவு தப்பினால் ஊசிதான், ஆம்புலன்ஸுக்கும் சொல்லி வையுங்கள் என்றார். நூர்ஜஹான் கோப்பையை என் கையில் கொடுத்தார்.

"நீங்கதான் சொன்னீங்க அண்ணே. நீங்களே திருப்பி வாங்குங்க."

நான் தரையில் மண்டியிட்டேன். பள்ளிக்கூடத்தில் வாங்கிய முதல் மார்க்கெல்லாம் எங்கே போனதோ, வாயில் ஒரு நல்ல சொல் வரவில்லை.

"அம்மா, நான் தப்பா சொல்லிட்டேன். இது நோன்பு இல்ல. குடிங்க."

"நிய்யத்து வெச்சுட்டேனே தம்பி" என்றார் அவர். கண் செருகிக்கொண்டு வந்தது. மனதில் எண்ணம் வைத்தாயிற்று, இனி அது நோன்புதான் என்கிறார்.

"சீக்காளி நோன்ப விடலாம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா பெரியம்மா" என்றார் நூர்ஜஹான், தன் வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோல. "பிஸ்மி சொல்லிக் குடிங்க."

ஜைத்தூன் அம்மாவின் உதடு அசைந்தது. முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவதை அவரே கோப்பையைப் பிடித்துக் குடித்தார். கால் மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி குத்திப் பார்த்தபோது ஐந்தரை. அவர் என்னை நன்றாக ஏற இறங்கப் பார்த்தார். இப்போது நான் காதர் இல்லை என்று தெரிந்துவிட்டது. "ஒன்னால ஒரு நோன்பு போச்சு" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும், நாற்பத்தாறு வயதில், தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அம்மாதான் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை என் சாமான்களைப் பைக்குள் எடுத்துவைத்தேன். திங்கட்கிழமை வரச் சொல்லமாட்டார்கள் என்று சரசுவிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் திங்கட்கிழமை போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. நூர்ஜஹான் அதே எட்டுப் பேர் பெயர் எழுதிய தாளை நீட்டினார். நானா என்று கேட்டேன். வேறு யார், கெடுத்தவர்தான் சரிபண்ண வேண்டும் என்றார்.

பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று காட்டினார். எந்தப் பெயரும் வேண்டாம், விரதமும் வேண்டாம், நோன்பும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் பிறகு வாயில் எதுவும் போகக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம், சர்க்கரை மாத்திரை வேண்டாம், அதைக் கையோடு கொண்டுவந்து ரத்தம் கொடுத்துச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் புரிந்ததா என்று கேட்கவே கூடாது.

"புரிஞ்சுதான்னு கேட்டா நம்ம ஆளுங்க ஆமான்னுதான் சொல்வாங்க லா. காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. அவங்க சொல்லட்டும், நீங்க கேளுங்க."

அந்த எட்டு அழைப்புக்கு அரை நாள் ஆனது. ஒவ்வொருவர் வீட்டுக் காலைப்பொழுதுக்குள்ளும் நான் போய் வந்தேன். எழுந்திருப்பேன், பல் விளக்குவேன், காப்பி குடிப்பேன் என்றார் ஒருவர். காப்பி கூடாதே என்றேன். காப்பி சாப்பாடு இல்லையே தம்பி என்றார். நாலு இட்லி அம்மா எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், சாமி கும்பிட்டதும் துளி திருநீறு வாயில் போட்டுக்கொள்வேன், அதற்கும் தடையா என்று கேட்டார். இது எங்கள் பாடத்தில் இல்லை. போனைப் பொத்திக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். டாக்டரின் பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அவர் தமிழில் அந்த வாசம் அப்படியே இருந்தது. பேனாவைக் கீழே வைத்துச் சற்று யோசித்தார். "திருநீறிலை சீனி இல்லைத்தானே, விடுங்கோ" என்றார். நூர்ஜஹான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். வெளியிலேயே கேட்டது.

கடைசி அழைப்பு ஜைத்தூன் அம்மாவுக்கு. என் பெயரைச் சொன்னேன்.

"சொல்லு" என்றார். "இந்தத் தடவ அதுக்கு என்ன பேரு?"

"பேரே இல்லம்மா. வெறும் வயிறு. அவ்வளவுதான்."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் தொழுகையிலிருந்து தொடங்கி, மாத்திரையைக் கைக்குட்டையில் முடிவது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை எட்டுப் பேரும் காய்ந்த வயிறும் கடுகடுத்த முகமுமாக வந்தார்கள். அவ்வளவு அழகான காட்சியை நான் கண்டதில்லை. ஜைத்தூன் அம்மாவுக்கு முதல் ஆளாக ரத்தம் எடுத்து, நானே ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிவந்து கொடுத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நூர்ஜஹான் என் பயிற்சித் தாளை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தார்.

"இந்த ஒரு கட்டம்தான் பெரியம்மா பாக்கி. கையெழுத்துப் போடலாமா? நீங்க சொல்லுங்க."

ஜைத்தூன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினார்.

"போடும்மா. ஆனா பென்சில்ல போடு."

தாளுக்கு இரண்டு பிரதி உண்டு. வகுப்புக்கு அனுப்பியதில் நூர்ஜஹான் பேனாவால் போட்டார். எனக்கென்று தந்த பிரதியில் சொன்னபடி பென்சிலால்தான் போட்டார். அடுத்த ரமலானில் ஒரு நாள் நான் நோன்பு பிடித்தேன், போனதற்கு ஈடாக. கேள்விப்பட்ட ஜைத்தூன் அம்மா, நீ பிடித்தால் எனக்குச் சேராது, ஆனால் உன் தொப்பைக்கு நல்லது என்றார். அவர் இருந்தவரை வருடம் ஒரு நாள் பிடித்தேன். அந்தந்த மாலையில் நூர்ஜஹான் எனக்கும் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். போன வருடம் ஓய்வு பெறும்வரை அதே கிளினிக்கில்தான் இருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது குறுஞ்செய்திக்கு வருகிறேன். நேற்று சனிக்கிழமை, அந்த எதிர் கிளினிக்குக்குப் போனேன். எனக்கும் சர்க்கரை வந்து ஒரு வருடம் ஆகிறது. கவுன்டரில் சேகர் என்று ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், பேருந்து ஓட்டிக்கொண்டிருந்து இப்போதுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறார். விடுவேனா? விரதம் என்ற சொல் ஏன் ஆகாது என்று பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். பொங்கல், இட்லி, திருநீறு எல்லாம் சொன்னேன். சேகர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியானால் எப்படித்தான் கேட்க வேண்டும் என்று தாளும் பேனாவும் எடுத்தார். சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து அதையே கேட்டார்.

"அண்ணே, காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்ன பண்ணீங்க?"

"எந்திரிச்சேன்" என்றேன் கெத்தாக. "பல்லு தேச்சேன். வெந்நீர் ஒரு டம்ளர். மாத்திரைய..."

அங்கேயே நின்றுவிட்டேன். செய்தியில் இருந்த ஒரு சொல்லை நினைத்து வாரம் முழுக்கச் சிரித்த சிரிப்பில், பழக்கத்தில் கை பாட்டுக்கு மாத்திரையை எடுத்து வாயில் போட்டிருக்கிறது. சேகர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார், விரலில் குத்திப் பார்த்தார், நாலு புள்ளி ஒன்று என்றார். மைலோ கலக்கிக்கொண்டுவந்து நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அடுத்த சனிக்கிழமைக்கு வரச் சொல்லி, என்ன செய்யக் கூடாது என்று எனக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நூர்ஜஹானுக்குப் போன் போட்டேன். இப்போது பொங்கோலில் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது.

"அதான் அண்ணே" என்றார், "நான் இன்னும் பேனாவுல போடல."